இனஒதுக்கலை நாவல் வழியே படிக்க: மாக்கிங்பேர்டா, ரோல் ஆஃப் தண்டரா, வாட்சன்ஸா?

அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் இனஒதுக்கலை நாவல் வழியே அறிய நினைப்பவர் கையில் பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படுவது ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ (1960). அருமையான நாவல், சந்தேகமில்லை. ஆனால் வரலாற்றோடு இணைத்துப் படிக்க ஒரே ஒரு புத்தகம் என்றால், மில்ட்ரெட் டி. டெய்லரின் ‘ரோல் ஆஃப் தண்டர், ஹியர் மை க்ரை’ (1976) முதலில் வரவேண்டும். இனவெறி மனத்தில் இருப்பது; இனஒதுக்கல் சட்டத்திலும் கணக்கேட்டிலும் இருந்தது. அந்தக் கணக்கேட்டைத் திறந்து காட்டுவது டெய்லர்தான்.

கதை நடப்பது 1933-34, மிசிசிப்பி. முதல் அத்தியாயத்திலேயே ஒரு பாடப்புத்தகம் வருகிறது. அதன் உள்ளட்டையில் யாருக்கு, எப்போது, எந்த நிலையில் கொடுக்கப்பட்டது என்ற அட்டவணை. 1922-இல் புதிதாக ஒரு வெள்ளைக் குழந்தைக்குப் போன புத்தகம், 11 முறை கைமாறிக் கிழிந்த பிறகு, 12-ஆவது வரியில் கறுப்பினக் குழந்தைக்கு வருகிறது. இந்த இடத்தில் நாவலை மூடிவைத்துவிட்டு 1896-ஆம் ஆண்டின் பிளெஸ்ஸி வழக்கைப் படியுங்கள். ‘தனித்தனி, ஆனால் சமம்’ என்று உச்ச நீதிமன்றம் சொன்னதில் ‘சமம்’ எப்படிக் காணாமல் போனது என்பதற்கு அந்த 12 வரிகளே போதும். பள்ளி அக்டோபரில் தொடங்கி மார்ச்சில் முடிவதையும் குறித்துக்கொள்ளுங்கள். பருத்தி வயலுக்குக் குழந்தைகளின் கைகள் தேவைப்பட்டன.

அடுத்து நிலம். கதை சொல்லும் கறுப்பினச் சிறுமி காசியின் லோகன் குடும்பத்துக்கு 400 ஏக்கர்: 1887-இல் வாங்கிய 200, 1918-இல் வாங்கிய 200. பின்னதன் மீது அடமானம் இன்னும் தீரவில்லை. சுற்றிலும் வாரத்துக்குப் பயிரிடும் குடிகள், விளைச்சலில் பாதியை நிலக்காரருக்கு அளப்பவர்கள். அவர்கள் வெள்ளையரான வாலஸ் குடும்பத்தின் கடையில்தான் வாங்கியாக வேண்டும். நிலக்காரர் பொறுப்பேற்றால்தான் கடன் கிடைக்கும். லோகன் குடும்பம் அந்தக் கடையைப் புறக்கணிக்க வழி செய்ததும் என்ன நடக்கிறது என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். அம்மாவின் ஆசிரியர் வேலை போகிறது. அம்மாவின் ஆசிரியர் வேலை போகிறது. விக்ஸ்பர்க்கிலிருந்து சரக்கோடு திரும்பும் அப்பா சுடப்படுகிறார். வங்கி கடன் முழுவதையும் உடனே கட்டச் சொல்கிறது. பள்ளிகளில் இனஒதுக்கல் செல்லாது என்ற பிரவுன் தீர்ப்பு 1954-இல் வந்ததும், அதை எதிர்க்க மிசிசிப்பியின் இண்டியனோலாவில் தொடங்கிப் பரவிய வெள்ளையர் குடிமக்கள் மன்றங்கள் கையில் எடுத்ததும் இதே ஆயுதங்களைத்தான்: வேலை, கடன், அடமானம். நாவலின் வரிசையையும் அந்த மன்றங்களின் வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறு விளக்கமே வேண்டியதில்லை.

மாக்கிங்பேர்டின் பலம் நீதிமன்றம். 31 அத்தியாயங்களில் 17 முதல் 21 வரை விசாரணை. வெள்ளைப் பெண்ணை வன்புணர்ந்ததாகப் பொய்யாகக் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பினத்தவர் டாம் ராபின்சனைக் குற்றவாளி என்று சொல்லும் அலபாமா ஜூரி முழுக்க வெள்ளையர். கதையின் கோடைகளை எண்ணினால் இது 1935. அதே ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதிதான், கறுப்பின இளைஞர்கள் மீது அதே மாதிரிக் குற்றம் சாட்டிய அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோ வழக்கின் தொடர்ச்சியான நாரிஸ் வழக்கில், கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு ஜூரியிலிருந்து விலக்குவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஜூரிப் பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்கள் பிற்பாடு செருகப்பட்டவை என்ற சாட்சியமும் அந்த வழக்கில் வந்தது. வாஷிங்டனில் தீர்ப்பு வந்த பிறகும் அலபாமா ஜூரி ஏன் மாறவில்லை? நாவலை வரலாற்றோடு கோக்கும் கேள்வி இதுதான். 23-ஆம் அத்தியாயத்தில் பெண்கள் ஜூரியில் அமர முடியாது என்று டாமின் வக்கீல் அட்டிகஸ் சொல்வதும் வெறும் கதையல்ல. அலபாமாவில் அந்தத் தடை 1966 வரை நீடித்தது.

இங்கே இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. ஒன்று, டாமின் வழக்கே ஸ்காட்ஸ்பரோ வழக்கு என்று எண்ணுவது. 1931-இல் கைதானவர்கள் 9 பேர், சரக்கு ரயிலில் பிடிபட்ட இளைஞர்கள். எட்டுப் பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. டாமோ ஒற்றை ஆள், ஊர்க்காரர், அக்கம்பக்கத்தில் வாழ்ந்தவர். மற்றது, நல்ல வக்கீல் ஒருவரின் கதையாக மட்டும் படிப்பது. சொல்வது வெள்ளைச் சிறுமி என்பதால் டாமின் வீட்டுக்குள் நாம் போவதே அரிது. ரோல் ஆஃப் தண்டரில் கதை சொல்லும் காசி அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள்.

கிறிஸ்டபர் பால் கர்ட்டிஸின் ‘தி வாட்சன்ஸ் கோ டு பர்மிங்ஹாம் – 1963’ (1995) மூன்றிலும் எளிது. 12 வயதுக்காரருக்குக் கொடுக்கலாம். ஆனால் 1963 செப்டம்பர் 15 அன்று பர்மிங்ஹாமின் கறுப்பினத் தேவாலயத்தில் நடந்த குண்டுவெடிப்பு 15 அத்தியாயங்களில் 14-ஆவதில்தான் வருகிறது. அதுவரை பெரும்பகுதி மிச்சிகனின் ஃபிளின்ட் நகரக் குடும்பக் கதை. நாவலில் கதை சொல்லும் சிறுவனின் தங்கை பிழைத்துவிடுகிறாள். நிஜத்தில் பர்மிங்ஹாமில் நான்கு சிறுமிகள் இறந்தார்கள். குற்றவாளிகளுக்குத் தண்டனை 1977, 2001, 2002 ஆண்டுகளில்தான் கிடைத்தது. இதைச் சொல்லாமல் புத்தகத்தை மூடக்கூடாது.

எதை எடுத்தாலும் நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: காட்சி, கதை நடக்கும் ஆண்டு, அப்போது நடப்பில் இருந்த சட்டம். நாவல் வெளிவந்த ஆண்டை மேலே தனியாக எழுதுங்கள். இல்லையென்றால் 1930-களின் கதைக்குள் 1955-இன் மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பைத் தேட ஆரம்பித்துவிடுவோம். ரோல் ஆஃப் தண்டர் 12 அத்தியாயங்கள். வாரம் மூன்று என்று வைத்தால் நான்கு வாரம். முதல் வாரம் பிளெஸ்ஸி வழக்கைத் தவிர வேறெந்த வரலாற்றையும் திறக்காதீர்கள், காசியின் குரல் காதில் தங்கட்டும். குழுவாக உரக்கப் படிப்பவர்கள் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் அந்தச் சொல் வரும் இடங்களில் என்ன செய்வது என்பதை முதல் நாளே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். முதல் அத்தியாயத்தின் புத்தக அட்டவணையிலேயே அதன் ஒரு வடிவம் காத்திருக்கிறது.