70 எழுத்துக்குள் டியூஷன் மெசேஜ்: என் எஸ்.எம்.எஸ். அனுபவம்

தேனி மாவட்டம் கம்பத்தில் என் வீட்டு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். 2009-இல் ஆரம்பித்தது. பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப் பேர் விடிகாலையில் ஜீப் ஏறி, மலைக்கு மேலே கேரளத்தின் இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் கையில் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தால் அவர்களுக்கு எதுவும் போய்ச் சேராது. அதனால் எனக்கு இன்றுவரை எஸ்.எம்.எஸ்.தான். இத்தனை வருடத்தில் போன் சம்பந்தமான வார்த்தைகள் ஒவ்வொன்றையும் ஏதாவது ஒரு சிக்கலில் மாட்டித்தான் கற்றுக்கொண்டேன். மற்றவர்களாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

ஒரு ஐப்பசி மழையில் 60 வீட்டுக்கு இந்த மெசேஜை அனுப்பினேன்: “நாளை மழை விடுமுறை. டியூஷன் கிடையாது. வெள்ளிக்கிழமை கணக்குத் தேர்வு உண்டு.” மறுநாள் சாயங்காலம் பத்துப் பிள்ளைகள் நனைந்துகொண்டு வாசலில் நின்றார்கள். “டீச்சர், எங்களுக்கு மெசேஜே வரலையே” என்று ஒரு அப்பா கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

என் ரீசார்ஜில் ஒரு நாளைக்கு 100 எஸ்.எம்.எஸ். இலவசம். 60 பேருக்கு அது தாராளம் என்று நினைத்திருந்தேன். ஆனால் என் மெசேஜ் ஒன்று இல்லை, இரண்டு. முதல் 50 பேரோடு 100 தீர்ந்துவிட்டது, தனியாக பேலன்ஸும் இல்லாததால் மீதிப் பத்து நின்றுபோயிற்று.

ஏன் இரண்டு? ஒரு எஸ்.எம்.எஸ்.ஸில் 140 பைட் இடம்தான் உண்டு. சுருக்கமான குறியீட்டில் போகிற ஆங்கில எழுத்து 160 வரை அதில் அடங்கும். தமிழ், எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோட் என்கிற குறியீட்டில் போவதால் ஒவ்வொன்றும் இரண்டு பைட் எடுக்கும், ஆக 70தான். 1992 டிசம்பர் 3-ஆம் தேதி பிரிட்டனில் முதல் எஸ்.எம்.எஸ். போனது ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்து. ஆங்கில எழுத்துக்குப் போட்ட அந்த அளவில்தான் நாமும் நம் மொழியை அடக்கிக்கொண்டிருக்கிறோம்.

அதோடு முடியவில்லை. நாம் எண்ணுகிற மாதிரி போன் எண்ணாது. “ப்” நமக்கு ஒரு எழுத்து, போனுக்கு ப-வும் புள்ளியும் சேர்ந்து இரண்டு. “மை” என்றாலும் இரண்டு. என் மெசேஜில் கண்ணுக்குத் தெரிவது 34 எழுத்து. போன் கணக்கில், இடைவெளியும் நிறுத்தப்புள்ளியும் சேர்த்து, 73. வெறும் மூன்று அதிகம்! 70 தாண்டினால் இரண்டாக உடைத்து அனுப்பும். உடைந்ததை அந்தப் பக்கம் ஒட்டவைக்கும் குறிப்புக்கும் இடம் வேண்டும் என்பதால் துண்டுக்கு 67தான் கிடைக்கும். அன்று ராத்திரி உட்கார்ந்து “வெள்ளிக்கிழமை”யை “வெள்ளியன்று” ஆக்கிப் பார்த்தேன், 71. “வெள்ளி” என்று மட்டும் போட்டேன், 66. அவ்வளவுதான். டைப் செய்யும்போது ஓரத்தில் ஓடுகிற அந்த எண்ணை அப்புறம் ஒருநாளும் நான் பார்க்காமல் விட்டதில்லை. முழுக்க ஆங்கில எழுத்தில் அடித்துவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு ஸ்மைலி போட்டாலும் 160 போய் 70 ஆகிவிடும், அதையும் கவனியுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எஸ்.எம்.எஸ்.ஸை நான் விடாததற்குக் காரணம் எஸ்.எம்.எஸ்.சி. என்கிற மெசேஜ் சென்டர். நாம் அனுப்புவது நேராக எதிராளி போனுக்குப் போவதில்லை. சென்டரில் போய் உட்காரும். அந்தப் போன் சிக்னலுக்குள் வந்ததும் அங்கிருந்து இறங்கும். எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதற்கு வேலிடிட்டி பீரியட் என்று பெயர். தோட்டத்துக்குள் பல இடங்களில் டவர் எடுக்காது. மத்தியானம் நான் அனுப்பியது அப்படியே கிடக்கும். சாயங்காலம் ஜீப் மலையிறங்கி வரும்போது என் போனில் வரிசையாக ‘டெலிவர்டு’ விழும். டெலிவரி ரிப்போர்ட்டை ஆன் செய்து வைத்திருந்தால்தான் இது தெரியும். சேர்ந்துவிட்டது என்றுதான் அதற்கு அர்த்தம், படித்துவிட்டார் என்று இல்லை. ரோமிங்கில், அதாவது வெளிமாநிலத்தில் இருக்கும்போது, வருகிற காலுக்கே காசு பிடித்த நாட்களில்கூட, வருகிற எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பிடிக்கவில்லை. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்!

சிம் விஷயம் கொஞ்சம். என் சிம் பழுதாகி, கடையில் அதே நம்பருக்கு வேறு சிம் வாங்கினேன். கால் வந்தது, பேங்க் ஓ.டி.பி. மட்டும் வரவேயில்லை. திரும்பிப் போய்ச் சத்தம் போட்டேன். சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ். வரவும் செய்யாது, போகவும் செய்யாது, உங்கள் நம்பரில் வேறு யாரோ சிம் வாங்கிப் பணத்தை எடுத்துவிடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன். கரண்ட் பில், ஃபீஸ் கட்டுகிற நாளில் சிம் மாற்றாதீர்கள். சிம்முக்கு ‘பின்’ என்கிற ரகசிய எண் போட்டிருந்தால் மூன்று தடவை தப்பாக அடித்துவிடக் கூடாது, பூட்டிக்கொண்டு, அதைத் திறக்கிற பி.யு.கே. எண்ணைக் கேட்கும். அதைப் பத்துத் தடவை தப்பாகப் போட்டால் சிம் அவ்வளவுதான். போன் வாங்கிய அன்றே *#06# அடித்து வருகிற 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணை, அதாவது அந்தப் போனின் அடையாள எண்ணை, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தொலைந்த போனை முடக்க அது வேண்டும்.

கடைசியாக, ஹெடர். கம்பெனிகளும் அரசும் அனுப்புகிற மெசேஜில் அனுப்புநர் இடத்தில் பத்து இலக்க நம்பர் இருக்காது, ஆங்கில எழுத்துகள் இருக்கும். 2025 மே முதல் அதன் கடைசியில் ஒரு கோடு போட்டு ஒற்றை எழுத்தும் வருகிறது. பி என்றால் விளம்பரம், எஸ் என்றால் சேவை, டி என்றால் ஓ.டி.பி. மாதிரி பரிவர்த்தனை, ஜி என்றால் அரசு. நான்கையும் பெரிதாக எழுதி மாடிப்படி ஓரம் ஒட்டியிருக்கிறேன். போன மாதம் ஒரு அம்மா போனை நீட்டினார். பிள்ளைக்கு அரசு ஸ்காலர்ஷிப் வந்திருக்கிறது, இந்த லிங்கை அமுக்குங்கள் என்று ஒரு மெசேஜ். நான் கண்ணாடியைத் தேடுவதற்குள் அவரே சொல்லிவிட்டார்: “கடைசியில ஜி இல்ல டீச்சர், வெறும் நம்பர்தான் இருக்கு.” லிங்கைத் தொடாமல், வேண்டாத மெசேஜ் பற்றிச் சொல்கிற 1909 எண்ணில் புகார் சொல்லிவிட்டு அழித்தோம்.