சீனப் புத்தாண்டா, நிலாத் திருவிழாவா?

சீனாவுக்கு ஒரு தடவைதான் போக முடியும், பண்டிகையும் பார்க்க வேண்டும் என்பவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

நாள்: புத்தாண்டு ஜனவரி 21 முதல் பிப்ரவரி 20க்குள்.
நிலாத் திருவிழா எட்டாம் சந்திர மாதப் பௌர்ணமி. செப்டம்பர் அல்லது அக்டோபர் தொடக்கம்.

பயணம்: புத்தாண்டுக்கு ஊர் திரும்பும் கூட்டம் 40 நாள் நீளும். ரயில் டிக்கெட் கிடைப்பது பெரும்பாடு.
நிலாத் திருவிழாவில் அவ்வளவு நெருக்கடி இல்லை. ஆனால் 2025 போல அக்டோபர் 1 தேசிய விடுமுறையோடு சேர்ந்துவிட்டால் கதையே வேறு.

சாப்பாடு: வடக்கே புத்தாண்டு இரவில் குடும்பமே உட்கார்ந்து ஜியாவ்ட்சு பிடிக்கும். நம் கொழுக்கட்டையின் ஒன்றுவிட்ட தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டில் நாணயம் ஒளித்து வைப்பார்கள். யார் பல்லில் படுகிறதோ அவருக்கு அந்த வருடம் யோகம். சரி, இதெல்லாம் வீட்டுக்குள் நடப்பது. வெளியே நிற்கும் பயணிக்குப் பூட்டிய கடைகள்தான் மிச்சம்.
நிலாத் திருவிழாவின் இனிப்பான மூன்கேக்கோ கடையிலேயே கிடைக்கும். தென் சீனாவின் கான்டன் வகையை வெட்டினால் தாமரை விதை விழுதின் நடுவே உப்பிட்ட வாத்து முட்டையின் மஞ்சள் கரு, முழு நிலா மாதிரி. சீக்கிரம் திகட்டும், கால் துண்டும் சூடான தேநீரும் போதும்.

வேடிக்கை: புத்தாண்டுப் பட்டாசுக்குப் பல நகரங்களில் கட்டுப்பாடு.
நிலாத் திருவிழாவுக்கு ஹாங்காங்கின் தாய் ஹாங் தெருக்களில் 67 மீட்டர் நீள டிராகன், உடலெங்கும் புகையும் ஊதுவத்தியோடு ஆடி வரும்.

சீன நண்பர் வீட்டுக்கு அழைத்தால் புத்தாண்டுக்குப் போங்கள். தனியாகப் போகிறீர்களா, நிலாத் திருவிழாதான். 2026இல் அது செப்டம்பர் 25.