ரிசர்வில் இருந்துகொண்டு கொரியனைத் தக்கவைப்பது: க்ளாஸ் பாடங்களுடன் ஆறு வருடம்

மான்டரேயில் உள்ள அமெரிக்க ராணுவ மொழிக் கல்லூரியில் 64 வாரம் கொரியன் படித்தேன். ராணுவ ரிசர்வின் (பகுதிநேரப் படை) உளவுப் பிரிவில் சேர்ந்து இப்போது ஆறு வருடம். அந்தக் கல்லூரி இணையத்தில் இலவசமாகத் தரும் 'குளோபல் லாங்குவேஜ் ஆன்லைன் சப்போர்ட் சிஸ்டம்', சுருக்கமாக க்ளாஸ், பற்றித்தான் இந்தப் பகிர்வு.

முதல் வருடம் அதைத் தொடவே இல்லை. மாதம் ஒரு வார இறுதி டிரில் இருக்கிறதே, அங்கே மொழிக்கு நேரம் கிடைக்கும் என்று நம்பினேன். மருத்துவப் பரிசோதனை, துப்பாக்கிப் பயிற்சி, கட்டாய ஆன்லைன் வகுப்புகள் என்று இரண்டு நாளும் ஓடிவிடும். எங்கள் மொழித்திறனை வருடத் தேர்வில் 0 முதல் 5 வரையான அளவுகோலில் மதிப்பிடுவார்கள்; '+' என்றால் அந்த நிலையைத் தாண்டி, அடுத்ததை எட்டாதது. அந்த வருடம் வாசிப்பு 2+ அப்படியே நின்றது. கேட்டல் 2+ இலிருந்து 1+ க்கு இறங்கிவிட்டது. அடிப்படைத் தகுதியே இரண்டிலும் 2. துருப்பிடிப்பது முதலில் காதுதான்.

என்னைக் கவிழ்த்தவை எண்கள். கொரியனில் மணிக்கு ஒரு எண் வரிசை, நிமிடத்துக்கு வேறொன்று. 3:30 என்பது 'சே ஷி சம்ஷிப் புன்': மணியில் மூன்று 'சே', முப்பதுக்குள் இருக்கும் மூன்று 'சம்'. லட்சத்தைப் பத்துப் பத்தாயிரம் என்பார்கள். எழுத்தில் 'ஷிப்மான்', காதில் விழுவது 'ஷிம்மான்'. இதை யோசித்துக்கொண்டிருந்தால் அடுத்த வாக்கியம் போய்விடும்.

க்ளாஸில் பாடங்கள் நிலைவாரியாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் ஒலித்துண்டையோ கட்டுரையையோ சுற்றிச் சில பயிற்சிகள். மூலமும் மொழிபெயர்ப்பும் கூடவே உண்டு. நான் அவற்றைத் திறக்காமல் மூன்று முறை கேட்டு, எண்களை மட்டும் தாளில் எழுதி, அப்புறம்தான் ஒப்பிடுவேன். தினமும் அரை மணி நேரம். வினை கடைசியில் வரும்வரை காத்திருப்பது தமிழ்க் காதுக்குப் பழக்கம் என்பதால் அந்த ஒரு சிரமம் எனக்கு இல்லை.

குறையும் உண்டு. ஒலி பெரும்பாலும் தெளிவானது. இரைச்சலில் பேசும் குரலுக்கு அது பழக்காது. பேச்சுப் பயிற்சிக்கு வேறு வழி தேட வேண்டும். நான் வாரம் ஒரு மணி நேரம் ஒரு கொரியப் பெரியவரிடம் பேசுகிறேன்.

வருடத்தில் ஒரு நாள் தேர்வில் தேறினால் பிரிவின் பட்டியலில் 'தயார்' என்று ஆகிவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒவ்வொரு டிரில்லிலும் அரை நாளை மொழிக்கென்று ஒதுக்க வேண்டும் என்று கேட்டுப் பார்த்தேன், இதுவரை நடக்கவில்லை. சரி என்று நாங்கள் நாலு பேர் சனிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் ஒரு ஒலித்துண்டைப் போட்டுக் கேட்கிறோம். கடந்த தேர்வில் எனக்குக் கேட்டல் மீண்டும் 2+.