மலாக்காவா, பினாங்கா: இரண்டு இரவை எந்த ஊருக்குக் கொடுப்பது?

கோலாலம்பூர் போகிறவர்களில் பெரும்பாலோர் இரட்டைக் கோபுரம், பத்துமலை, கெந்திங் என்று சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். பயணத்தில் இரண்டு இரவு மிச்சம் பிடிக்க முடிந்தால் அதைப் பழைய துறைமுக நகரம் ஒன்றுக்குக் கொடுங்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். உடனே அடுத்த கேள்வி வரும்: மலாக்காவா, பினாங்கா?

2008-இல் யுனெஸ்கோ மலாக்காவையும் பினாங்கின் பழைய நகரமான ஜார்ஜ் டவுனையும் ஒரே பதிவாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டு ஊரிலும் ஓடு வேய்ந்த கடைவீடுகள், சீனக் கோயில்கள், கூப்பிடு தூரத்தில் பள்ளிவாசலும் இந்துக் கோயிலும். படத்தில் பார்த்தால் ஒன்றுபோலத்தான் இருக்கும். நடந்து பார்த்தால் வேறு வேறு ஊர்கள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு இரவு இருந்தால் பினாங்கு. ஒரே இரவுதான், அதுவும் வெள்ளியோ சனியோ என்றால் மலாக்கா.

போய்ச் சேர

மலாக்காவின் பெரிய பலம் தூரம். கோலாலம்பூரின் பண்டார் தாசிக் செலாத்தான் முனையத்தில் பேருந்து ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரல் பேருந்து நிலையம். அங்கிருந்து பழைய நகரத்துக்கு நகரப் பேருந்தோ கிராப் காரோ பிடிக்கலாம். காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாடு அங்கேதான்.

பினாங்கு சுமார் 350 கிலோமீட்டர் வடக்கே உள்ள தீவு. விமானத்தில் ஒரு மணி நேரம் என்றாலும், விமான நிலையத்துக்குப் போவது, காத்திருப்பது எல்லாம் சேர்த்தால் பெரிய மிச்சமில்லை. நான் ரயிலைத்தான் சொல்வேன். கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்திலிருந்து இடிஎஸ் என்னும் விரைவு மின்ரயில் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் இறக்கிவிடும். நிலையத்தை ஒட்டியே படகுத்துறை. கால் மணி நேரக் கடல் பயணம். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ரஜுலா கப்பல் ஏறிய நம்மவர்கள் மலாயாவில் முதலில் கண்ட துறைமுகம் இந்தப் பினாங்குதான். பாலத்தின் வழியாகக் காரில் நுழைவதைவிட இப்படிக் கடல் வழியாக நுழைவதுதான் அந்த ஊருக்குப் பொருத்தம்.

பார்க்க

வரலாற்றுச் சின்னங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் மலாக்காதான் மூத்தது, கனமானது. போர்த்துக்கீசியர் 1511-இல் பிடித்தார்கள், 1641-இல் டச்சுக்காரர்கள், 1824-இல் ஒப்பந்தத்தின் வழியே ஆங்கிலேயர். மூவரின் தடத்தையும் பத்து நிமிட நடைக்குள் பார்த்துவிடலாம். டச்சுச் சதுக்கத்தில் 1650-ஐச் சேர்ந்த ஸ்டாட்ஹைஸ் மாளிகை, பக்கத்தில் 1753-இல் கட்டிய கிறிஸ்து ஆலயம். எல்லோரும் படமெடுக்கும் அந்தச் செம்மண் நிறம் பிற்காலத்தில் ஆங்கிலேயர் பூசியது.

பின்னாலிருக்கும் குன்றில் ஏறினால் கூரையில்லாத புனித பவுல் ஆலயம். முத்துக்குளித்துறையில் பரதவர்களிடையே பணியாற்றிய சவேரியாரின் உடலை 1553-இல் கோவாவுக்குக் கொண்டுபோகுமுன் சில மாதங்கள் இங்கேதான் அடக்கம் செய்து வைத்திருந்தார்கள். மணப்பாடு, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள் அந்தக் குழி முன்னால் சற்று நேரம் நிற்பார்கள். குன்றின் மறுபுறம் இறங்கினால் போர்த்துக்கீசியக் கோட்டையில் எஞ்சிய ஒரே வாசல். 1824 ஒப்பந்தத்துக்கு முன்பே ஊரைத் தற்காலிகமாகக் கையில் வைத்திருந்த ஆங்கிலேயர் 1807-இல் மற்றதையெல்லாம் இடித்துத் தள்ளினார்கள். ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் தலையிட்டதால் அந்த வாசல் பிழைத்தது.

இவ்வளவையும் அரை நாளில் பார்த்துவிடலாம், அதற்கப்புறம்தான் சிக்கல். ஜோங்கர் தெருவின் இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும். வார நாளில் போனால் மாலையில் தெரு வெறிச்சோடிக் கிடக்கும். வார இறுதியில் போனால் நெரிசல், கூடவே பொம்மைகளும் வண்ண விளக்குகளுமாகப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போகும் மிதிவண்டி ரிக்‌ஷாக்கள். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், எனக்கு அது அந்தப் பழைய தெருக்களுக்கு இழைக்கும் அநியாயமாகத்தான் படுகிறது. பொழுது சாய்ந்தபின் ஆற்றில் படகுச் சவாரி போங்கள், அது அருமை.

பினாங்கில் அவ்வளவு பழைய சின்னங்கள் இல்லை. ஆங்கிலேயர் பிரான்சிஸ் லைட் வந்திறங்கியதே 1786-இல்தான். கார்ன்வாலிஸ் கோட்டையை நேரமிருந்தால் பார்க்கலாம், விட்டாலும் குறையில்லை. கூ கொங்சி என்னும் சீனக் குலமண்டபத்தை மட்டும் தவற விடாதீர்கள். மரச்செதுக்கலும் கூரைச் சிற்பமும் அத்தனை நுணுக்கம். மற்றபடி இந்த ஊரில் பார்க்க வேண்டியவை தெருக்கள்தான். ஊதுவத்தி செய்பவர், கல்லறைக் கல் செதுக்குபவர், மாலை கட்டுபவர், நாணயம் மாற்றுபவர் எல்லாம் ஒரே வட்டாரத்தில். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மரவீட்டுத் துறைகளில் இன்றும் குடும்பங்கள் வசிக்கின்றன. 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகாரெவிச் வரைந்த சுவரோவியங்களுக்குக் கூட்டம் வருகிறது; நீங்கள் காலை எட்டு மணிக்குமுன் போய்விடுங்கள்.

இங்கும் இழப்பு இல்லாமலில்லை. 2000-இல் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியபின் பழைய குடித்தனக்காரர்கள் பலர் வெளியேற, அவர்கள் இருந்த வீடுகள் விடுதிகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறின. ஆனாலும் செவ்வாய்க்கிழமை காலையில்கூட ஜார்ஜ் டவுனில் ஊர்க்காரர்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இயல்பான நடமாட்டத்துக்காகவே நான் பினாங்கின் பக்கம் சாய்கிறேன்.

நம்மவர் தடம்

இரண்டு ஊருக்குமுள்ள உண்மையான வேறுபாடு இதில் தெரிகிறது. மலாக்காவில் 1781-ஐச் சேர்ந்த பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் மலாக்கா செட்டிகள் எழுப்பியது. அதே தெருவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல், சற்றுத் தள்ளி செங் ஹூன் தெங் சீனக் கோயில். மலாக்கா சுல்தான்கள் காலத்திலேயே வணிகத்துக்கு வந்து, உள்ளூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள் இந்தச் செட்டிகள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும். பெயர்களில் பிள்ளை, செட்டி, படையாட்சி என்று தமிழ் நிற்கிறது. போகியன்று முன்னோருக்கு வாழையிலை விரித்துப் படைக்கிறார்கள். மாரியம்மனுக்குத் திருவிழா எடுக்கிறார்கள். நகரத்தின் வடபுறம் கஜா பெராங்கில் அவர்கள் குடியிருப்பும் சிறிய அருங்காட்சியகமும் உண்டு. பெரும்பாலான பயணிகள் அங்கே போவதில்லை. மலாக்கா போகிற தமிழர் யாராக இருந்தாலும் ஜோங்கர் தெருவில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொண்டாவது அங்கே போக வேண்டும்.

பினாங்கில் நம்மவரைத் தேடிப் போக வேண்டியதில்லை. குயின் தெருவில் 1833-ஐச் சேர்ந்த மகா மாரியம்மன் கோயில்; நடந்து போகும் தூரத்தில், தென்னிந்திய முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் 1801-இல் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல்; சூலியா தெருவில் நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா. சுற்றிலும் பூக்கடை, பாத்திரக்கடை, தமிழ்ப் பேச்சு. தைப்பூசத்தில் செட்டியார்களின் வெள்ளி ரதம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெங்கும் சீனர்களும் சேர்ந்து தேங்காய் உடைப்பார்கள். அந்தச் சமயத்தில் போக நினைத்தால் விடுதியை மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

சாப்பாடு

இதில் எனக்குத் தயக்கமே இல்லை, பினாங்குதான். காரணம் நாசி கண்டார். கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் தோள் காவடியில் ஒருபுறம் சோறும் மறுபுறம் குழம்பும் தூக்கிக்கொண்டு துறைமுகத் தொழிலாளிகளுக்கு விற்ற உணவு அது. இன்று மலேசியா முழுக்க அதற்கு வரிசையில் நிற்கிறார்கள். கேம்பல் தெருவின் ஹமீதியா 1907-இலிருந்து நடக்கிறது. தட்டில் சோறு வாங்கி, கோழியோ மீன்தலையோ கணவாயோ கைகாட்டி, வெண்டைக்காயும் அவித்த முட்டையும் சேர்த்து, கடைசியில் "குவா சம்பூர்" என்று சொல்லுங்கள். நாலைந்து குழம்பையும் கலந்து ஊற்றுவார்கள். தட்டு நிறையக் குழம்பு வேண்டுமென்றால் "பாஞ்சிர்" என்று கேளுங்கள். தனித்தனியாக ஊற்றச் சொன்னால் அந்த ருசி கிடைக்காது.

லக்சா என்னும் நூடுல்ஸ் சூப்பில் இரண்டு ஊரும் நேருக்கு நேர் நிற்கின்றன. பினாங்கின் அசாம் லக்சா கானாங்கெளுத்தி வகை மீனைப் புளியில் கரைத்த சாறு. புதினா, அன்னாசி, வெங்காயம் தூவித் தருவார்கள். மலாக்காவின் நோன்யா லக்சா தேங்காய்ப்பாலில் கொதித்தது. மீன்குழம்பில் வளர்ந்த நாக்குக்குப் பினாங்கு முதல் கரண்டியிலேயே பிடித்துவிடும்.

மலாக்கா ஜெயிக்கும் இடமும் ஒன்று உண்டு, செண்டோல் என்னும் ஐஸ் இனிப்பு. அந்த ஊர்ப் பெயரையே தாங்கிய பனைவெல்லமான குலா மலாக்காவைக் கரியநிறப் பாகாக ஐஸ்மேல் ஊற்றித் தருவதை வேறெங்கும் அந்த அடர்த்தியில் நான் சாப்பிட்டதில்லை. கோழிச்சோற்று உருண்டை பேர்பெற்றது, ஒருமுறை சாப்பிடலாம். உஜோங் பாசிரிலிருக்கும் போர்த்துக்கீசியக் குடியிருப்பில் கடுகும் வினிகரும் மிளகாயும் சேர்த்துச் செய்யும் டெவில் கறியை அதற்குமுன் வைப்பேன்.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க: இரண்டு ஊரிலும் கீரை, வெண்டைக்காய் வதக்கலில்கூட பெலாச்சான் என்னும் இறால் விழுது இருக்கும். சார் குவே தியாவ் என்னும் வறுத்த நூடுல்ஸைப் பல சீனக் கடைகளில் பன்றிக் கொழுப்பில் வறுப்பார்கள். கேட்டுவிட்டு வாங்குங்கள். பினாங்கின் லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு எளிதில் கிடைக்கும். மலாக்காவிலும் லிட்டில் இந்தியா உண்டு, ஆனால் சிறியது.

எங்கே தங்க, எப்போது போக

மலாக்காவில் ஆற்றோரமாக, ஜோங்கர் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி அறை எடுத்தால் இரவில் தூங்கலாம். பினாங்கில் கடற்கரை விடுதி என்று பத்து ஃபெரிங்கிக்குப் போய்விடாதீர்கள். சாப்பாட்டுக்காகத் தினமும் ஊருக்குள் வர வேண்டியிருக்கும். ஆர்மீனியன் தெரு, சூலியா தெரு வட்டாரமே போதும். பினாங்குக்கு வார நாள்தான் நல்லது. பினாங்கு மலைக்கு 1923-இலிருந்து ஓடும் மலை ரயிலில் ஏற நினைத்தால் முதல் வண்டிகளில் ஏறிவிடுங்கள், பத்து மணிக்குமேல் வரிசை நீளும். பிற்பகலில் மழை வந்தால் கடைத் தாழ்வாரங்களிலேயே பாதி ஊரைச் சுற்றிவிடலாம்.

மூன்றாவது இரவு கிடைத்தால் அதையும் பினாங்குக்கே கொடுப்பேன். பாலம் தாண்டி வடக்கே போனால் கெடா மாநிலம், நம் கல்வெட்டுகள் சொல்லும் கடாரம். 1025-இல் ராஜேந்திர சோழனின் கடற்படை தாக்கிய இடங்களில் ஒன்று. ஜெராய் மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகமும், எடுத்துக் கட்டிய பழைய கோயில் அடித்தளங்களும் இருக்கின்றன. பேருந்தை நம்பாமல் பட்டர்வொர்த்திலிருந்து கார் எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கிளம்பினால் மதியத்துக்கு நாசி கண்டார் வரிசைக்குத் திரும்பிவிடலாம்.