கடற்கரைக் காற்றில் பால்கனி குஷன்: சில மழைக்காலம் பார்த்த பிறகு

திருவான்மியூரில் கடலுக்கு மூன்று தெரு தள்ளி, மேல்மாடி வீடு. பாதி கூரை, பாதி வானம் என்று ஒரு சிட்-அவுட். 2021-ல் அங்கே பிளாஸ்டிக் பிரம்பு சோபா ஒன்று, ஒற்றை நாற்காலி இரண்டு, தொங்கும் கூடை ஊஞ்சல் ஒன்று வாங்கிப் போட்டோம். அவை நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் அவற்றோடு வந்த குஷன்கள் இரண்டாவது கோடைகூடத் தாண்டவில்லை. மெரூன் நிறம் வெளிறி அழுகிய மாதுளம்பழ நிறத்துக்கு வந்தது, தையல் விட்டது, உட்கார்ந்தால் ஈரவாடை. அதன் பிறகு தனியாகத் தைத்து வாங்கியவைதான் இப்போது இருப்பவை. மாண்டஸ், மிக்ஜாம், ஃபெஞ்சல் என்று வரிசையாக வந்த புயல் மழையெல்லாம் பார்த்துவிட்டன. இன்னும் உட்காரும் நிலையில் இருக்கின்றன.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பது ஒரே கேள்வி: மழை வந்தால் என்ன செய்வீர்கள்? என் அனுபவத்தில் சென்னைக் கடற்கரையில் மழை இரண்டாம்பட்சம். நனைவதால் குஷன் கெடுவதில்லை, நனைந்தது காயாமல் இருப்பதால்தான் கெடுகிறது. ஒரு சொட்டு மழை இல்லாத மே மாதத்திலும் விடியற்காலையில் கை வைத்தால் துணி சில்லென்று பிசுபிசுப்பாக இருக்கும். பனி என்று நினைப்போம். அதில் பாதி உப்பின் வேலை. கடல் காற்று கொண்டுவந்து தூவும் உப்பு துணியில் படிந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். இங்கே பல இரவுகளில் அந்த அளவு சர்வ சாதாரணம். அதனால் எவ்வளவு வெயிலில் போட்டாலும், உப்பை அலசி எடுக்காத வரை, குஷன் இரவானதும் மறுபடி நமத்துப்போகும்.

எனவே முதல் பராமரிப்பு, நல்ல தண்ணீரில் அலசுவது. மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, கோடை நடுவில் ஒருமுறை, உறையைக் கழற்றித் துவைத்து, ஃபோமையும் ஹோஸ் பைப்பால் அடித்து அலசிவிடுகிறேன். எங்கள் பகுதி போர் தண்ணீரே கரிக்கும், ஆகவே மெட்ரோ தண்ணீர் வரும் நாளாகப் பார்க்க வேண்டும். ஆர்.ஓ. மெஷின் கழிவு நீரை வீணாக்குவானேன் என்று இதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதில் உப்பு இன்னும் கூடுதல்.

உள்ளே இருக்கும் ஃபோமைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஆனால் பாதிப் பிரச்சினை அங்கேதான். கடைகளில் 32 டென்சிட்டி, 40 டென்சிட்டி என்று விற்பது சாதாரண பாலியூரித்தேன் ஃபோம். வீட்டுக்குள் போடும் சோபாவுக்கு நல்லது. வெளியில் போட்டால் நீரைக் குடித்து நடுவில் தேக்கி வைத்துக்கொள்ளும், மேலே காய்ந்துவிட்ட மாதிரி நம்மை ஏமாற்றும். ‘குவிக் ட்ரை’ ஃபோம் என்று ஒன்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் அளவு பெரிய துளைகளோடு, மீன் தொட்டி ஃபில்டரில் வைக்கும் ஃபோம் மாதிரியே இருக்கும். மேலே ஊற்றிய தண்ணீர் கீழே வழிந்துவிடும். விலை கணிசமாகக் கூடுதல். சோபாவின் இருக்கைகளுக்கு மட்டும் அதைப் போட்டேன், முதுகுக் குஷன்களில் ரெக்ரான் என்ற பாலியெஸ்டர் பஞ்சு. இந்தப் பிரிவினை சரியாகவே அமைந்தது. நீர் தேங்குவது படுத்துக் கிடக்கும் குஷனில்தான், சாய்ந்து நிற்பதில் அவ்வளவு இல்லை. ஊரிலிருந்து வந்த அத்தை, “இலவம் பஞ்சு போட்டுத் தையேன்மா, உடம்புக்குக் குளிர்ச்சி” என்றார். படுக்கையறைக்கு அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. மழைபடும் இடத்தில் அது கட்டி தட்டிப்போகும், பிரித்து அடித்தால்தான் உண்டு.

துணிக்கு வருவோம். வெளிறிப் போனது மேலே அச்சடித்த பாலியெஸ்டர். இப்போது இருப்பது ‘சொல்யூஷன் டைட்’ (solution-dyed) அக்ரிலிக். சன்பிரெல்லா என்ற அமெரிக்கப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அந்த வகை. நூல் இழுப்பதற்கு முன்பே, மூலக்குழம்பிலேயே நிறத்தைக் கலந்துவிடுகிறார்கள். ஆகவே நிறம் இழையின் உள்வரை இருக்கும், கத்திரி வெயில் அதைச் சுலபமாகத் தின்றுவிட முடியாது. மீட்டர் விலை ஆயிரங்களில் போகிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒற்றை நாற்காலிகளுக்கு மட்டும் அதைவிட மலிவான ஒலெஃபின் என்ற பிளாஸ்டிக் இழைத் துணி எடுத்தேன். அது தண்ணீரே குடிக்காது, சீக்கிரம் காயும், ஆனால் சூடு தாங்காது. இஸ்திரிப் பெட்டியை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. இன்றைய நிலவரப்படி அக்ரிலிக் லேசாக மங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஒலெஃபின் உட்காரும் இடத்தில் கொஞ்சம் பளபளத்துத் தேய்ந்திருக்கிறது. கூரைக்கு அடியில் போடுவதாக இருந்தால் ஒலெஃபினே போதும்.

துணியைவிட முதலில் போவது தையல். பருத்தி நூல் என்றால் வெயிலிலும் ஈரத்திலும் இற்றுப்போகும், துணி முழுசாக இருக்கும்போதே ஓரம் பிரியும். தைத்த அண்ணனிடம் பாலியெஸ்டர் நூல், பிளாஸ்டிக் பல் ஜிப் என்று சொல்லியே கொடுத்தேன். உலோக ஜிப் கடற்கரையில் ஒரு வருடத்தில் இறுகி, இழுத்தால் ரன்னர் கையோடு வரும். இன்னொன்றும் கேட்டேன்: அடிப்பக்கத் துணிக்குப் பதில் நெட். அவர் முதலில் தயங்கினார். “பிளாஸ்டிக் ஷீட் சுத்தித் தரேன் மேடம், ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது” என்றார். ஊசி போன ஒவ்வொரு துளையும் தண்ணீருக்கு வாசல். உள்ளே போன நீர் அந்த ஷீட்டுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். அடியில் நெட் வைத்ததால் மழை நின்ற கொஞ்ச நேரத்தில் சொட்டுச் சொட்டாக வடிந்துவிடுகிறது. மொத்தச் செலவில் பலன் அதிகம் தந்தது அந்த நெட்தான்.

மேலே போர்த்தும் கவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. சோபாவை முழுசாக மூடும் பி.வி.சி. கவர் ஒன்று வாங்கினோம், சாயங்காலம் போட்டுக் காலையில் எடுப்பது என்று ஏற்பாடு. காலையில் தூக்கிப் பார்த்தால் இட்லிக் குண்டான் மூடியின் உள்பக்கம் மாதிரி முத்து முத்தாக நீர். மழையே பெய்திருக்காது. அடியில் இருந்த ஈரம் மேலே போக வழியில்லாமல் கவரில் பட்டுக் குளிர்ந்து திரும்பக் குஷன்மேலேயே விழுகிறது. இரண்டு பக்கமும் காற்றுப்போக்கி வைத்த துணிக் கவர் தேவலாம். ஆனால் அதன் உண்மையான பயன் வேறு: தூசு, புறா எச்சம், வெயில். மழைக்காகக் கவர் போடுவதென்றால், குஷனை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வெறும் நாற்காலிக்குப் போடுங்கள். மொட்டை மாடித் தார்ப்பாய் யோசனையும் இதே கதைதான், அது போதாக்குறைக்குக் காற்றில் படபடத்துப் பிரம்பை உராயும்.

சரி, உள்ளே என்றால் எங்கே? வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் டெக் பாக்ஸ் இப்போது இங்கும் ஆன்லைனில் கிடைக்கிறது. எதிர்வீட்டில் வைத்திருக்கிறார்கள். வெயிலில் நிற்கும் மூடிய பெட்டி பகலில் கொதிக்கும், இரவில் உள்ளே வேர்க்கும். நன்றாகக் காய்ந்ததை வைத்தால் சரி, சற்றே ஈரமாக வைத்தால் பூஞ்சை வளர்க்கும் பெட்டி. எங்களுக்கு வசதிப்பட்டது சிட்-அவுட் கதவை ஒட்டி ஹாலில் வாங்கிப் போட்ட ஒரு பழைய மர பெஞ்ச். மழை இருட்டிக்கொண்டு வரும்போது சட்டென்று எட்டிப் போட அதுதான் தோது. பரணில் வைக்கலாம் என்றால், ஏணி போட்டு ஏறும் பொருளை யாரும் தினமும் எடுத்து வைப்பதில்லை.

வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில், தினசரி தேவைக்கு இரண்டு குஷன் மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைப் பொங்கல்வரை கட்டி வைத்துவிடுகிறேன். அப்போதுதான் பரண். பழைய பருத்திப் போர்வையில் தைத்த பைகள், பிளாஸ்டிக் கவர் இல்லை. புத்தகம் மாதிரி நெட்டுக்குத்தாக நிறுத்துகிறேன். அடுக்கினால் கீழே இருப்பது நசுங்கிப்போகும். வெளிச்சுவரில் சாய்க்கக் கூடாது, மழைக்காலத்தில் அந்தச் சுவர்களில் ஓதம் ஏறும். காற்றை உறிஞ்சிச் சுருக்கும் வாக்யூம் பை போர்வைக்கு அருமை, ஃபோமுக்கு ஆகாது. மாதக்கணக்கில் அமுங்கிக் கிடந்த ஃபோம் பழைய உயரத்துக்கு முழுசாகத் திரும்பாது. அந்துருண்டையும் போடவில்லை. ஃபோமில் ஏறிய அந்த வாடை இறங்கவே இறங்காது, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது நல்லதும் இல்லை. வேப்பிலை, வசம்பு எல்லாம் பூச்சிக்குத்தான், பூஞ்சைக்கு அவற்றை நம்ப வேண்டாம். கால்சியம் குளோரைடு ஈர உறிஞ்சி டப்பா மூடிய அலமாரிக்குள் வேலை செய்யும். ஆனால் சாய்ந்து அந்த நீர் துணியில் கொட்டினால், நிறைய தண்ணீர் விட்டு அலசும்வரை அந்த இடம் காயாது.

கட்டி வைக்கும் முன் உள்ளே காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கையால் அழுத்திப் பார்ப்பது போதாது. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் இருந்தது. நன்றாகக் காய்ந்த நாளில் ஒவ்வொரு குஷனையும் நாடாவில் தொங்கவிட்டு நிறுத்து, ஜிப்பின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைத்துவிட்டேன். எழுதிய எடைக்கு இறங்கும்வரை பரண் ஏறாது. காயப்போடும் நேரமும் முக்கியம். காலை வெயில்தான் கணக்கு, பிற்பகலில் கடல் காற்று வந்துவிட்டால் அதற்கப்புறம் பெரிதாகக் காயாது. ஃபோமைப் பிழியாமல் துண்டு வைத்து அழுத்தி எடுத்து, ஜிப் பக்கம் கீழே வரும்படி நிறுத்தினால் தண்ணீர் தானே இறங்கும். மழை விடாத நாட்களில் ஃபேனுக்கு அடியில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாமின்போது மின்சாரமும் போனது, அதற்கு எந்த யுக்தியும் இல்லை. நனைந்துபோனால் ஒன்றிரண்டு நாளுக்குள் காய்ந்தாக வேண்டும், அதைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். அந்த முறை ஒரு ஒற்றை நாற்காலி ஃபோமைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

பூஞ்சை வந்த அக்ரிலிக் உறைக்கு வீட்டு உபயோகத் திரவ பிளீச் போடலாம், நிறம் போகாது. நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு கப் பிளீச், கால் கப் மென்மையான சோப்பு, கால் மணி நேரம் ஊறவிட்டு ஸ்பாஞ்சால் தேய்த்து நன்றாக அலச வேண்டும். அச்சடித்த துணிக்கும் பருத்திக்கும் இது கூடவே கூடாது. வினிகர், எலுமிச்சை, பாத்ரூம் ஆசிட் எதையும் பிளீச்சோடு கலக்கக் கூடாது, குளோரின் வாயு வரும். இரும்புச் சட்டம் துருப்பிடித்துக் குஷனில் பழுப்புக் கறை விட்டால் அதற்கும் பிளீச் உதவாது, கறை இன்னும் இறுகும். நாற்காலி வாங்கும்போதே அலுமினியச் சட்டமா என்று கேட்டுவிடுவது நல்லது.

தோற்றுப்போன இடம் கூடை ஊஞ்சல் குஷன். வட்டமாக, குண்டாக, நடுவில் பொத்தான் வைத்துத் தைத்த ஒரே உருப்படி. உறையைக் கழற்ற முடியாது, கொடியில் போட முடியாது, நடுக்குழியில் நீர் தேங்கும். அணில் வேறு ஓரத்தைக் கடித்துப் பஞ்சை இழுத்துக் கூட்டுக்குக் கொண்டுபோனது. அதைத் தூக்கிவிட்டு, உட்கார ஒன்று, சாய ஒன்று என்று இரண்டாகத் தைத்துக்கொண்டோம். பார்க்கப் பழைய அழகு இல்லை, ஆனால் ஒரே காலையில் காய்கிறது.

புதிதாகத் தைக்கக் கொடுப்பவர்கள் தேவைக்கு மேல் ஒரு மீட்டர் துணி சேர்த்து வாங்கி, கூடுதலாக ஒரு செட் உறையும் தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கொடியில் கிடக்கும்போது மற்றது போட்டுக்கொள்ளலாம். நான் இரண்டு வருடம் கழித்துப் போய்க் கேட்டபோது அந்த நிறம் வருவதே நின்றுவிட்டது, மாற்றிய நாற்காலி மட்டும் இப்போது வேறு பச்சையில் நிற்கிறது.