ஐந்து வருஷ ஆர்ஓ: யாரும் திறந்து பார்க்காத எட்டு லிட்டர் தொட்டி

"மெம்பிரேன், கார்பன், செடிமென்ட் எல்லாம் மாத்தியாச்சு. டிடிஎஸ் மீட்டர் 45 காட்டுது. ஆனா தண்ணில ஈர மண் வாடை போகவே மாட்டேங்குது, ஏன்?" நண்பர் ஒருவர் கேட்டார். (செடிமென்ட் மண்ணைப் பிடிக்கும் ஃபில்டர், கார்பன் குளோரினைப் பிடிக்கும் ஃபில்டர், டிடிஎஸ் என்பது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு.) சுவரில் மாட்டும் ஆர்ஓ மெஷின் ஐந்து வருஷம் ஓடிய பிறகு அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி இந்தக் கேள்விக்கான பதில்தான். நாளுக்கு 75 கேலன் வடிக்கும் (75 ஜிபிடி) மெம்பிரேன், அதாவது உப்பை வடிகட்டும் சவ்வு, 24 வோல்ட் பம்ப், யூவி (புற ஊதா) விளக்கு, 8 லிட்டர் தொட்டி. அறிமுகம் இவ்வளவு போதும்.

மெம்பிரேனை முதலில் பாராட்டிவிட வேண்டும். 900 டிடிஎஸ் உள்ள போர்வெல் நீர் போனால் 45, 50 என்று வெளியே வருகிறது. செடிமென்டையும் கார்பனையும் காலத்தில் மாற்றினால் வருஷக்கணக்கில் அப்படியே நிற்கிறது. வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கும் புறநகரில் இது சின்ன விஷயம் இல்லை. அங்கே நிலத்தடி நீரில் நைட்ரேட் ஏறக்கூடும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. நீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 50 மில்லிகிராம். பால்புட்டிக் குழந்தை இருக்கும் வீடு இந்த எண்ணைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதனால்தான் டிடிஎஸ் கன்ட்ரோலர் என்ற அந்தச் சின்னத் திருகைப் பார்த்தால் கோபம் வருகிறது. ருசி வேண்டும் என்று வடிகட்டாத மூலநீரைக் கலந்து 45-ஐ 130-க்கு ஏற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 900-ல் பத்தில் ஒரு பங்கு 90, 45-ல் பத்தில் ஒன்பது பங்கு சுமார் 40. அதாவது நீங்கள் குடிக்கும் தம்ளரில் பத்தில் ஒரு பங்கு மெம்பிரேனைத் தொடாமலே வந்த நீர். நைட்ரேட், ஃப்ளோரைடு, ஆர்செனிக் எது மூலநீரில் இருந்தாலும் அதே விகிதத்தில் அதுவும் கலக்கிறது. யூவி விளக்கு கிருமியைத்தான் கொல்லும், இவற்றை ஒன்றும் செய்யாது. மூலநீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்காதவரை திருகு மூடியே இருக்கட்டும்.

இனி தொட்டி. குளோரின் பட்டால் மெம்பிரேன் கெட்டுவிடும் என்பதால் கார்பன் அதை முன்னாலேயே பிடித்துக்கொள்கிறது. அது சரிதான். ஆனால் அதற்குப் பிறகு வரும் நீருக்குக் காவல் எதுவும் இல்லை. யூவி, தன்னைக் கடக்கும் நொடியில் கிருமியைச் செயலிழக்கச் செய்யும். கடந்த பிறகு அதற்குச் சக்தி இல்லை. அந்த நீர் பிளாஸ்டிக் தொட்டியில் அறை வெப்பத்தில் மணிக்கணக்கில் நிற்கிறது. இரண்டு தம்ளர் பிடித்ததும் ஃப்ளோட் (மிதவை) இறங்கி பம்ப் ஓடி மறுபடி நிரப்பிவிடுவதால் தொட்டி ஒருநாளும் காலியாவதில்லை. குழாய் அடிமட்டத்துக்குச் சற்று மேலே இருப்பதால் அடியில் தேங்கியது அங்கேயே கிடக்கிறது. ஒவ்வொரு முறை மட்டம் இறங்கும்போதும் மூடியின் காற்றுத் துளை வழியாகச் சமையலறைக் காற்று உள்ளே போகிறது.

மூடியைக் கழற்றி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒரு விரலை இழுத்துப் பாருங்கள். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும். விரல் சோப்பு தேய்த்த மாதிரி வழுக்கும். அது கிருமிகள் சேர்ந்து ஒட்டிய படலம். ஃப்ளோட் தண்டின் அடியிலும் மூடியின் ரப்பர் பள்ளத்திலும் வெளிர் சிவப்பாக ஒரு வளையம் தெரியலாம். மெஷின் ஜன்னல் ஓரத்தில் இருந்தால் பச்சையும் சேரும். டிடிஎஸ் மீட்டர் அளப்பது நீரின் மின்கடத்தலை மட்டும். இந்தப் படலம் எவ்வளவு வளர்ந்தாலும் அது 45 என்றுதான் சொல்லும்.

வாடை எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க இரண்டு கழுவிய கண்ணாடிப் பாட்டில் போதும். ஒன்றில் தொட்டிக்குள் விழும் டியூபிலிருந்து நேராகப் பிடியுங்கள், மற்றதில் குழாயிலிருந்து. ஒரு மணி நேரம் மூடி வைத்து முகருங்கள். இரண்டாவது மட்டும் வாடை அடித்தால் குற்றவாளி தொட்டிதான். எச்2எஸ் குப்பி (சாக்கடைக் கிருமி இருந்தால் நீர் கறுக்கும் சோதனைக் குப்பி) வாங்கிச் சோதிப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது கறுத்தால் சாக்கடை கலந்திருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் கறுக்கவில்லை என்பதற்காகத் தொட்டி சுத்தம் என்று ஆகாது. சாதாரண வழுவழுப்பை அது காட்டிக்கொடுக்காது.

சுத்தம் செய்யும்போது முதலில் மின்சாரத்தையும், நீர் உள்ளே வரும் இன்லெட் வால்வையும் அணைத்துவிடுங்கள். குழாய் வழியே வடித்து, அடியில் நிற்பதைச் சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். மென்மையான பஞ்சால் மட்டும் தேய்க்க வேண்டும். கம்பி நாரால் கீறினால் அடுத்த படலத்துக்கு அந்தக் கீறலே வீடு. பிறகு தொட்டியை 8 லிட்டர் நீரால் நிரப்பி, வாசனை சேர்க்காத 5 சதவீத பிளீச் 8 மில்லி விடுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் ஆகிறது. குழாயைத் திறந்து பிளீச் வாடை வரும்வரை ஓடவிட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் குழாயின் உட்புறம் தப்பித்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து முழுவதும் வடித்து, இரண்டு தொட்டி நீரைக் கீழே கொட்டுங்கள்.

பிளீச்சோடு வினிகர், சிட்ரிக் அமிலம், பாத்ரூம் கிளீனர் எதையும் கலக்கவே கூடாது. அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய சமையலறையில் அது ஆபத்து. இன்லெட் பக்கம் பிளீச் ஊற்றினால் மெம்பிரேனுக்கு ஆபத்து. தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவே கார்பன் இருக்கிற மாடலில் அதைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். பழைய பாட்டில் பிளீச் வீரியம் இழந்திருக்கும், புதிது வாங்குங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, ஒரு வாரம் பூட்டியிருந்த வீட்டுக்குத் திரும்பியதும் ஒரு தடவை.

என் ஆத்திரம் எல்லாம் மெஷினை வடிவமைத்தவர்கள்மேல். தொட்டியின் அடியில் வடிகால் அடைப்பான் இல்லை. உள்ளே கை போக மேல்மூடி, முன்கவர், திருகுகள் என்று எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். ஃபில்டர் எத்தனை லிட்டர் ஓடியது என்று எண்ணி விளக்கு எரிய வைக்கத் தெரிகிறது. தொட்டியைக் கழுவு என்று சொல்ல ஒரு விளக்கு இல்லை. சர்வீஸ் அட்டையில் மெம்பிரேனுக்குக் கட்டம் இருக்கிறது, தொட்டிக்கு இல்லை.

மெம்பிரேனுக்குப் பத்துக்கு ஒன்பது தருவேன். மெஷினை வாங்கலாமா என்றால், வேண்டாம். தொட்டியைக் கையால் கழற்றி எடுத்துக் கழுவ முடிகிற மாடல், அல்லது தொட்டியே இல்லாமல் நேராகக் குடத்தில் பிடிக்கிற மாடல் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். குடத்தைத் தினமும் கழுவலாமே. நண்பருக்கு: இன்னொரு மெம்பிரேனுக்குச் செலவு செய்வதற்கு முன் அந்த மூடியைக் கழற்றுங்கள்.