இணையத்தளம் திருத்தித் தாறம் என்ற கடையில் 38,000 ரூபாய் போச்சு: திருகோணமலை ஆட்கள் கவனம்

நெஞ்சு கொதித்தபடிதான் எழுதுகிறேன். இன்றைக்கு எழுதாவிட்டால் நாளைக்கு இன்னொருவர் அதே கதிரையில் இருந்து காசை எண்ணிக் கொடுப்பார். 38,000 ரூபாய்! கடையின் பெயரைப் போடவில்லை. நகரத்துக்குள்ளே போட்டோக்கொப்பி, லப்டொப் திருத்தம், வெப்சைட் எல்லாம் ஒன்றாகச் செய்கிற வகைக் கடை. அந்த மாதிரிக் கடைக்காரர் எல்லாரும் கள்ளர் என்று சொல்ல வரவில்லை, நேர்மையாக உழைக்கிற பெடியள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எப்படி ஏமாற்றினான் என்பதை முழுதாகச் சொல்லிவிட்டு, கவனிக்க வேண்டியதைக் கடைசியில் எழுதுகிறேன்.

உப்புவெளியில் எங்களுக்குச் சின்ன விடுதி ஒன்று இருக்கிறது. எங்கள் பக்கத்துக்கு வெளிநாட்டு ஆட்கள் கூடுதலாக வருவது மே தொடக்கம் செப்டெம்பர் வரைக்கும்தான். வாடைக் காற்றுத் தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும், புறாத்தீவுக்குப் படகு போகாது, அறைகள் வெறுமையாகக் கிடக்கும். அதனால் வருகிற ஆட்களுக்கு உதவியாக, வேர்ட்பிரஸ் என்ற இணையத்தள மென்பொருளில் செய்த எங்கள் தளத்தில் கோணேசர் கோயில், கன்னியா வெந்நீரூற்று, புறாத்தீவு, திமிங்கிலம் பார்க்கப் போகிற படகு என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பும் படமும் போட்டு வைத்திருக்கிறோம். தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கிற ‘தீம்’ அவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கித்தான் காட்டும். எங்களுக்கு வேண்டியது கணினியில் வரிசைக்கு மூன்று, போனில் ஒன்று, படங்கள் எல்லாம் ஒரே உயரம். கேட்டது அவ்வளவும்தான்.

“அக்கா, இது லேசான வேலையில்லை. தீமின்ட உள்ளுக்குப் போய்க் கோட் எழுத வேணும்” என்று சொல்லித்தான் கடைக்காரன் தொடங்கினான். பிறகு என் கண் முன்னாலேயே எங்கள் தளத்தைத் திறந்தான். ஒரு விசையைத் தட்ட, திரையின் பக்கத்தில் கோட் நிறைந்த பெட்டி ஒன்று விரிந்தது. அதற்குள் இரண்டு மூன்று வரி அடித்தான். அடித்த கையோடு கன்னியாவும் கோணேசர் கோயிலும் புறாத்தீவும் எழும்பி ஒரே வரிசையில் வந்து நின்றன. நான் கேட்ட அதே அமைப்பு. “பாத்தீங்கதானே, முடிஞ்சுது. முழுக் காசையும் இண்டைக்கே கட்டினா சேர்வர் பக்க வேலையையும் இரவைக்கே முடிச்சு விடுறன். எங்கட ஊர் ஆக்களுக்கு நான் பிழை விடமாட்டன் அக்கா.” அந்தச் சொல்லை நம்பித்தான், வாடைக் காலச் செலவுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த 38,000 ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். பற்றுச்சீட்டில் ‘வெப் வேலை’ என்று இரண்டே சொல்.

அவன் காட்டியது என்ன தெரியுமா? குரோமில் எஃப்12 அழுத்தினால் யாருக்கும் திறக்கிற ஆய்வுப் பெட்டி. அதில் எதை மாற்றினாலும் அந்த ஒரு திரையில் மட்டும்தான் தெரியும். பக்கத்தைத் திரும்ப ஏற்றினால் எல்லாம் பழையபடி வந்துவிடும். எங்கள் தளத்தில் அவன் அன்றைக்கு ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

வீட்டுக்கு வந்து போனில் பார்த்தால் பழைய அடுக்குத்தான். கோல் எடுத்தேன். “கேஷ் கிளியர் பண்ணுங்க அக்கா.” போன் சேமித்து வைத்திருக்கிற பழைய பக்கத்தை அழிக்கச் சொல்கிறான். பண்ணினேன், அதே அடுக்கு. “அப்ப உங்கட நெட்வேர்க் பிழை.” பிறகு போனையே எடுக்கவில்லை. வட்ஸ்அப்பில் நீலச் சரி விழும், பதில் வராது. நேரே போய்க் கடை வாசலில் நின்ற பிறகுதான் ஏதோ செய்து தந்தான். அதுவும் என்ன வேலை! நிரல் ஒன்றுக்கு 400 பிக்செல் (திரையை அளக்கிற புள்ளி) என்று மூன்று நிரலையும் இறுக்கிக் கட்டியிருக்கிறான். மொத்தம் 1,200 பிக்செல். போன் திரையின் அகலம் கோட் கணக்கில் 360, 400 என்றுதான் வரும். பக்கம் வலப்புறமாக வெளியே ஓடிவிட்டது. கன்னியா மட்டும் தெரியும், மற்றதைப் பார்க்க விரலால் இழுத்துக்கொண்டே போக வேண்டும். கேட்டதற்கு, “வாற ஆக்களைப் போனைப் படுக்கையாப் பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்க” என்றான். காசு வாங்கின வாயால் வருகிற பதிலா இது?

கொஞ்ச நாளில் தீமுக்கு ஒரு அப்டேட் வந்தது. பாதுகாப்புக்கு அதைப் போட்டே ஆக வேண்டும். போட்டதும் அந்த அரைகுறை வேலையும் துடைத்துவிட்டது மாதிரிப் போனது. காரணம், தீமின் சொந்தக் கோப்புக்குள்ளேயே கை வைத்திருக்கிறான். அப்டேட் வரும்போது அந்தக் கோப்புகளின் இடத்தில் புதியவை வந்து உட்காரும் என்பதும், அதனால் மாற்றத்தைச் சைல்ட் தீமிலோ (தீமோடு சேர்ந்து ஓடுகிற தனிக் கோப்புகள்), தோற்றத்துக்கான கோட் எழுத வேர்ட்பிரஸில் இருக்கிற ‘அடிஷனல் சிஎஸ்எஸ்’ பெட்டியிலோதான் எழுத வேண்டும் என்பதும் இந்தத் தொழிலில் முதல் பாடம். போய்ச் சொன்னால், “அப்டேட் பண்ணினது நீங்கதானே அக்கா? திரும்பச் செய்ய 15,000 ஆகும்” என்றான். காசைத் திருப்பிக் கேட்டேன். சொஃப்ட்வெயார் வேலைக்குத் திருப்பிக் கொடுக்கிற வழக்கமில்லையாம்.

கடைசியில் கோணேசபுரி வளாகத்தில் கணினி படிக்கிற, எங்களுக்குத் தெரிந்த ஒரு பிள்ளை வந்து பார்த்தாள். ‘அடிஷனல் சிஎஸ்எஸ்’ பெட்டியைத் திறந்தாள். குறிப்புகள் எல்லாவற்றையும் சுற்றியிருக்கிற பெட்டிக்கு ‘டிஸ்பிளே கிரிட்’, அதாவது உள்ளே இருப்பதைக் கட்டம் கட்டமாக அடுக்கச் சொல்கிற கட்டளை. அதன் கீழே ‘கிரிட் டெம்ப்ளேட் கொலம்ஸ்’, அதற்கு ‘ரிப்பீட்’ மூன்று தரம் ‘1 எஃப்ஆர்’ (ஒரு பங்கு). அப்படி எழுதினால் திரை எவ்வளவு அகலமோ அதை மூன்றாகச் சமமாகப் பிரித்துக்கொள்ளும், 400 என்று எதையும் கட்டத் தேவையில்லை. இடைவெளிக்கு ‘கேப்’ 24 பிக்செல். திரை 600 பிக்செலுக்குள் வந்தால் ஒரே நிரல் என்று ஒரு நிபந்தனை, அதுக்குப் பெயர் ‘மீடியா குவெரி’. படங்களுக்கு உயரம் 220 பிக்செல், நசியாமல் நிறைந்து நிற்க ‘ஒப்ஜெக்ட் ஃபிட் கவர்’. முடிந்தது! தேத்தண்ணி ஆறமுதல் எழுதி முடித்துவிட்டாள். இந்த ‘கிரிட்’ 2017 முதல் குரோம், ஃபயர்பொக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் வேலை செய்கிற சாதாரணச் சாமான். இந்தச் சில வரிக்குத்தான் அவன் 38,000 ரூபாய் வாங்கியிருக்கிறான், அதையும் எழுதித் தரவில்லை.

இன்னொன்றும் அவள்தான் கண்டுபிடித்தாள். பயனர் பட்டியலில் எங்களுக்குத் தெரியாத ஒரு ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ கணக்கு, அந்தக் கடையின் மின்னஞ்சலோடு. கேட்காமல் செய்தது. நினைத்தால் எங்களையே வெளியில் தள்ளிவிட்டுத் தளத்தை எடுத்திருப்பான். உடனே அழித்து, கடவுச்சொல் எல்லாவற்றையும் மாற்றினோம்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான் வருகிறது. கடைக்காரனின் திரையில் தெரிகிறதை வைத்துக் காசு கொடுக்காதீர்கள், உங்கள் போனில், உங்கள் டேட்டாவில் திறந்து பாருங்கள். முழுக் காசு முதலிலேயே கேட்டால் எழும்பி வந்துவிடுங்கள். என்ன வேலை, எந்தக் கோப்பில் என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள். உங்கள் அட்மின் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம், தனிக் கணக்குத் திறந்து கொடுத்து வேலை முடிந்த அன்றே அழியுங்கள்.

நான் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுக்கப் போகிறேன், இலக்கம் 1977. நகரத்தில் இப்படி ‘வெப் வேலை’ என்று மட்டும் எழுதின பற்றுச்சீட்டு வேறு யாரிடமாவது இருந்தால் எறியாதீர்கள், எனக்குத் தகவல் அனுப்புங்கள். சேர்ந்தே கொடுப்போம்.